மாட்டுக்கொட்டிலில் ஒரு கராஜ்

தொழிலாளர் குடியிருக்கும் மூன்றாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பக்கத்தில் ஒருவன் நெஞ்சளவு ஆழத்தில் கிடங்கு வெட்டுகிறான் என்று காவல்காரன் வந்து சொன்னபோது எனக்கு வந்ததே கோபம்! தோட்டத்தில் ஒரு வேலிக்கம்பு நடுவதென்றாலும் மனேஜர் துரையின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துக்குக் கடிதம் தயாரிப்பவன் நான். என்னைக் கேளாமல் கிடங்கா? பின்னேரத் தேத்தண்ணியையும் குடியாமல் குடையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன்.

என் பெயர் கனகசபை. ஊர் சாவகச்சேரிப் பக்கம். நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிற இந்தத் தேயிலைத் தோட்டத்து ஒபிசில் அப்போது எனக்குப் பத்தொன்பது வருட சேவை, பெரிய கிளாக்கர். இது நடந்தது இரண்டாயிரத்து இரண்டில், யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த வருடம். பாதை திறந்தும் ஊருக்கு வராமல் அடுத்தவனின் கிடங்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன் என்று என் மனைவி சத்தியபாமா இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

கிடங்குக்குள் நின்றவன் தயாபரன். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், மெசின் பழுதுபார்க்கிற பிற்றர். பதினாறு வயதில் எண்ணெய் போடும் பையனாக உள்ளே போனவன், இருபத்தாறு வருடத்தில் ஸ்டோரிலுள்ள ஒவ்வொரு ரோலரின் சத்தத்தையும் தனித்தனியாகச் சொல்லுவான். நல்ல வேலைக்காரன். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

"தயாபரன், உமக்கென்ன விசரே? உது என்ன கிடங்கு?"

"வாங்கய்யா. பிட்டுங்கய்யா. காருக்குக் கீழ எறங்கி வேல பாக்குறதுக்கு."

"காரோ? ஆரின்ரை கார்?"

"நம்ம காருதாங்கய்யா. ஹல்துமுல்லையில ரிட்டயரான டாக்டரு ஒருத்தர்கிட்ட வாங்குனது. அந்தா நிக்கிது பாருங்க."

கொய்யா மரத்தடியில் சாக்குப் போர்த்தியபடி ஒரு பழைய ஜப்பான் கார் நின்றது. பழைய காலத்துப் பதினாறு ஸ்ரீ நம்பர். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். நான் அடுத்த ஏச்சுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் மனைவி யசோதினி ஒரு கோப்பை பால் விடாத சாயத்தண்ணியும் உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியுமாக வந்துவிட்டாள். அவள் பின்னால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு லதுஷா நின்றாள்.

லதுஷா அவர்களுக்கு ஒரே பிள்ளை. ஒன்பது வயது, பார்த்தால் ஆறு சொல்லலாம். அவள் உடம்பில் ஊறுகிற இரத்தம் தங்குவதில்லை. மூன்று கிழமைக்கு ஒரு தடவை பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வேறு இரத்தம் ஏற்ற வேண்டும். பஸ் ஏறும் சந்திக்கு மூன்று மைல். யசோதினி கொழுந்துக் கூடை சுமக்கிற மாதிரியே பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நடப்பாள். ஆடி மாதக் கச்சான் காற்றில் ஒரு நாள் தாயும் பிள்ளையுமாக ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தயாபரன் சேமலாபப் பணத்தை எடுத்துக் கார் வாங்கினான்.

"சரி, கார் வாங்கினீர். பழுது பாக்க ரவுனிலை கராஜ் இல்லையோ?"

"போன மாசம் குடுத்தேங்கய்யா. இந்தா நாளைக்கு, இந்தா நாளைக்குன்னு ஒம்போது நாளு வச்சிக்கிட்டாங்க. அத நம்பியே ரத்தம் ஏத்த வேண்டிய தேதி தப்பிருச்சி. புள்ளையப் பாத்துட்டு டாக்டரம்மா போட்ட சத்தம் இன்னம் காதுல நிக்கிது. நெஞ்சு ரொம்ப பலவீனமாயிருச்சாம், இனி ஒரு தடவகூடத் தப்பக் கூடாதாம்." அவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான். "கராஜ்காரங்களக் குத்தம் சொல்லலங்கய்யா. அவங்களுக்கு நூறு காரு. எனக்கு ஒரு புள்ள. அதான், எது ஒடஞ்சாலும் நானே பாத்துக்கிறாப்புல வூட்டோட ஒரு கராஜ் போட்டுக்கிறேன்."

கருப்பட்டியைக் கடித்தபடி நின்றேன். வாய்க்குள் இனிப்பை வைத்துக்கொண்டு ஏசுவதும் லேசான காரியமில்லை.

"உதிலை முந்தி என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

"எங்கப்பா காலத்து மாட்டுக்கொட்டிலுங்க."

அங்கேதான் வழி கிடைத்தது. லயத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயங்களுக்குத்தான் தோட்டம் அனுமதி கொடுக்கும்: ஒரு மரக்கறிப் பாத்தி, ஒரு மாட்டுக்கொட்டில். கார்க் கொட்டகை என்று எழுதினால் துரை என்னையும் சேர்த்துக் கிழித்துப்போடுவார். ஒபிசுக்குத் திரும்பி, "பழைய மாட்டுக்கொட்டிலைத் திருத்திக் கூரை மாற்றவும், தரையில் தொட்டி தோண்டிக் கல் பதிக்கவும் அனுமதி" என்று ஒரு கடிதம் தயாரித்தேன். மூத்திரத் தொட்டி இல்லாத மாட்டுக்கொட்டில் உண்டா? துரை கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து லயத்தில் எல்லாருக்கும் அது மாட்டுக்கொட்டில்தான், கார் பசுமாடு. "என்ன பிற்றரே, பசு இன்னிக்கி எத்தன போத்தல் கறந்துச்சி?" என்று கொழுந்துக்குப் போகிற பெண்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். தயாபரன் சிரிப்பான். என் பெயரைச் சொல்லியும் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கராஜ் உண்டான விதத்தை நான் கிட்ட நின்று பார்த்தேன். பின்னேரம் ஒபிஸ் முடிந்தால் என் கால் தானாகவே அந்தப் பக்கம் போகும். ஒரு ரொட்டியும் கட்டச் சம்பலும் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

முதலில் பிட். மேலே வழிகிற மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் சுற்றிவர ஒரு கான் வெட்டினான். உள்ளுக்குள் நாலு பக்கமும் கல் அடுக்கினான். ஏறி இறங்க மூன்று படி. ஸ்டோரில் கழித்துப் போட்ட சாமான்களைத் துரையிடம் கேட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிவந்தான். கொழுந்து வாட்டுகிற தட்டுப் பலகைகள் சாமான் அடுக்கும் இறாக்கைகளாயின. ஒரு பழைய ரோலரின் இரும்புச் சட்டம் வேலைமேசையானது. அதன் மூலையில், இரும்பைக் கவ்விப் பிடிக்க, தாடை தேய்ந்த ஒரு வைஸ். தேயிலைத்தூள் சலிக்கிற கம்பி வலையை வளைத்து பல்ப்புக்குக் கூடு செய்து, பிட்டுக்குள் கொண்டுபோகிற கைலாம்பு ஒன்றும் கட்டினான். லொறி தூக்குகிற பழைய ஜக் ஒன்று கிடைத்தது. கூடவே டர்பன்டைன் மரத்தில் இரண்டு பெரிய குற்றி அறுத்து வைத்தான்.

"ஜக்குதான் இருக்கே, குற்றி என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"ஜக்கு தூக்கத்தாங்கய்யா, தாங்குறதுக்குக் குத்திதான். ஜக்க நம்பிக் கீழ படுத்தா அப்பறம் சவப்பொட்டிதான் வாங்கணும்."

யசோதினிக்கு அந்தக் கராஜில் ஒரு வேலை இருந்தது. சுத்தியலோ, குறடோ, அரமோ, ஒவ்வொன்றையும் பலகையில் ஆணியடித்து மாட்டி, அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு இழுத்தாள். சாமானை எடுத்தால் அதன் உருவம் வெள்ளையாகப் பலகையில் நிற்கும்.

"கோலம் போடுறியோ பிள்ளை?"

"இல்லீங்கய்யா. வேல முடிஞ்சி பாக்கையில எந்த எடம் காலியா இருக்குன்னு தெரியணும்ல? இந்த மனுசன் காருக்குள்ளாற ஒரு சாமான வச்சி மூடிட்டு, எம்புள்ளைய அதுல ஏத்திட்டார்னா?"

"என்னிக்கு அப்பிடி வச்சேன்?" என்றது பிட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"போன வாரம் என் கத்தரிக்கோலு எங்க போச்சி?"

குரல் அடங்கிவிட்டது.

இவ்வளவுக்கும் நடுநாயகமாக இருந்தது ஒரு தேக்குப் பெட்டி. வெள்ளைக்காரன் காலத்தில் ரோலர்களோடு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ஸ்பேனர்கள் அதற்குள் வரிசையாகப் படுத்திருந்தன. ஸ்டோர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றுப் போன டீமேக்கர், "இதன் அருமை உனக்குத்தான் தெரியும்" என்று தயாபரன் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, கண்ணாடி மாதிரி வைத்திருந்தான். "இதுல எறங்காத நட்டு ஒலகத்துல இல்லங்கய்யா" என்பான். எனக்கு அதில் என்ன தெரியும்? நானும் தலையாட்டினேன்.

கார்த்திகை பிறந்தது. ஊவாவுக்கு அதுதான் மழைக்காலம். நமுனுகுல மலை ஒரு கிழமையாகக் கண்ணில் படவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம், பசறை வழியாகப் பதுளைக்குப் போகிற பெரிய ரோட்டில் ஒரு மலைப்பக்கமே இடிந்து இறங்கியது. நல்ல காலம், ஒரு உயிருக்கும் சேதமில்லை. ஆனால் மண் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. பொலிஸ்காரர்கள் கயிறு கட்டி, நடந்து போகிறவர்களையும் மறித்துவிட்டார்கள். பஸ் அந்தப் பக்கம். தோட்டத்து லொறி அந்தப் பக்கம். துரை கொழும்புக் கூட்டத்துக்குப் போனதால் ஜீப்பும் அந்தப் பக்கம். எங்கள் பக்கத்தில் நாலு சில்லு வாகனம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மாட்டுக்கொட்டிலில் நின்றது.

லதுஷாவுக்கு வெள்ளிக்கிழமை இரத்தம் ஏற்ற வேண்டும்.

பெரிய ரோடு இல்லாவிட்டாலும் ஒரு வழி இருந்தது. மலையைக் குறுக்கே தாண்டி, பக்கத்துத் தோட்டங்களின் உள்பாதையால் ஸ்பிரிங்வெளிப் பக்கம் இறங்கிப் பதுளைக்குப் போகலாம். லொறி திரும்பாத வளைவுகள்; சின்னக் கார் போகும். ஆனால் இறக்கமென்றால் இறக்கம். காரின் பின்சில்லு ஒன்றில் பிரேக் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அந்தச் சில்லுக்குள் இருக்கிற சின்ன பிரேக் சிலிண்டர் தேய்ந்துவிட்டதாம். போன கிழமையே பதுளையில் புதியது வாங்கி வைத்திருந்தான். அந்த இறக்கத்தில் நல்ல பிரேக் இல்லாமல் பிள்ளையை ஏற்ற முடியாது என்று, புதன்கிழமை அதை மாற்ற, காரோடு வந்த சில்லுச் சாவியால் சில்லைக் கழற்றினான்.

வியாழக்கிழமை காலைப் பெரட்டில் யசோதினி கூடையில்லாமல் வந்து நின்றாள். வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில் கூடையில்லாமல் ஒரு பெண் நின்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

"என்ன பிள்ளை?"

"ஐயா, நட்டு மழுங்கிப் போச்சிங்கய்யா." அவ்வளவுதான் சொன்னாள். கண் நிரம்பிவிட்டது.

ஓட்டமும் நடையுமாகப் போனேன். கார் குற்றிகளின் மேல் மூன்று சில்லோடு நின்றது. தயாபரன் தேக்குப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தான். இரவு முழுக்க அப்படியே இருந்திருப்பான் போல.

"என்னடாப்பா நடந்தது?"

"என் புத்தியச் செருப்பால அடிக்கணுங்கய்யா. இந்த ஸ்பேனரு எல்லாம் வெள்ளக்காரன் அளவு. காரு ஜப்பான் அளவு. ரெண்டும் சேராதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சி. எங்க ஸ்டோர்ல இருக்குறது அம்புட்டும் இங்கிலீஸ் மிசினு. நான் வேற நட்டத் தொட்டதே இல்ல."

"சேரேல்லை எண்டால் விடுறதுதானே?"

"ஸ்பேனரு லேசா ஆடுச்சி. ஸ்டோர்ல நட்டு தேஞ்சி ஆடுனா நடுவுல தகரச் சீவல் ஒண்ணு வச்சி இறுக்கித் திருப்புவோம். அது எங்க பழக்கம். பால்மா டின்ன வெட்டி அதே மாதிரி வச்சேன். இவ அப்பவே சொன்னா, 'ஆடுதே, வேணாங்க'ன்னு. இருபத்தாறு வருசமா இதத்தான் செய்யிறேன், நீ சும்மா இருன்னுட்டேன்." அவன் தலையைத் தூக்கவில்லை. "ரோலர் நட்டு என் முஷ்டித் தண்டி இருக்கும், தாங்கும். இது சுண்டுவெரல் நகத்தளவு. மூலையெல்லாம் போயி உருண்டையாயிருச்சி. பிரேக் கொழாய்ல இருக்குற நட்டு. அது கழண்டாத்தான் பழைய சிலிண்டர எடுக்கலாம். கொழாய அறுத்தேன்னா வேற கொழாய்க்கு எங்க போவேன்?"

உள்ளே லதுஷா படுத்திருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். உதடும் முகமும் ஒரே நிறம். "ஐயா" என்று கையைக் கும்பிடுகிற மாதிரி தூக்கினாள். கை பாதியிலேயே இறங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. தலையாட்டினேனே அந்தப் பெட்டியைப் பார்த்து!

பெரட்டுக் களத்துக்குத் திரும்பி ஓடினேன். ஆட்கள் மலைக்குப் பிரிகிற நேரம். கணக்கப்பிள்ளையின் விசிலை வாங்கி ஊதினேன். பத்தொன்பது வருடத்தில் நான் விசில் ஊதியது அன்றைக்குத்தான்.

"எல்லாரும் கேளுங்கோ! தயாபரன்ரை பிள்ளையை நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும். காருக்கு ஜப்பான் அளவுச் சாமான் தேவை. ஸ்பேனர், குறடு, என்ன இருந்தாலும் கொண்டாங்கோ. வேலைக்குப் பிந்தி வாறவைக்கு நான் பொறுப்பு!"

பிறகு வந்ததைக் கேளுங்கள். மிதிவண்டி நட்டுக் கழற்றுகிற சாவி வந்தது. தையல் மெசினுக்கு உரிய குட்டிச் சாவி வந்தது. தண்ணீர்க்குழாய் திருப்புகிற ஆளுயரச் சாவி ஒன்றை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து பல் பிடுங்குகிற குறடு வந்தது. அதைப் பார்த்து அந்தத் துக்கத்திலும் யசோதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைக்காம்பராவில் குழந்தை பார்க்கிற கருப்பம்மா, ஒன்றும் கிடைக்காமல் ஒரு பாக்குவெட்டியைக் கொண்டுவந்து, "இதாவது ஆவுமா பாருங்க" என்றாள். ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. யசோதினி ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி வரிசையாக வைத்தாள்.

பத்து மணியளவில் ஜாபிர் வந்தார். சம்பள நாளையொட்டிப் பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் புடவை கொண்டுவந்து விற்கிறவர். மண்சரிவால் திரும்பிப் போக வழியில்லாமல், இரண்டு நாளாகக் கோயில் மடத்தில் புடவை மூட்டையோடு படுத்திருந்தார்.

"நேத்தே செல்லிரிந்தா வந்திரிப்பனே தம்பி! என்ட பைக்கும் ஜப்பான்தான். சீட்டுக்குக் கீழ சாமான் பை ஈக்குது. ஒரு நாளும் தொறந்து பாத்ததில்ல." ஒரு ரெக்சின் சுருளை நீட்டினார். அதற்குள் நாலு சின்ன ஸ்பேனர்கள், இரண்டு பக்கமும் வாய் உள்ளவை.

தயாபரன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சிலிண்டரைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளுக்குப் பொருத்தமான ஸ்பேனர் அதில் இருந்தது. சிணுங்காமல் இறங்கி உட்கார்ந்தது. ஆனால் அந்த மழுங்கிய நட்டில்? பத்தாம் நம்பர் வாய் சுற்றிச் சுற்றி வழுக்கியது. சரியான அளவு வந்து சேர்ந்தபோது நட்டு அந்த அளவில் இல்லை.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. யசோதினி பிட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் புருஷனின் கையிலிருந்த பத்தாம் நம்பரையும் தேக்குப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஜப்பான் சாவிக்கு இந்த நட்டு சின்னதாப் போச்சி. சரி. வெள்ளக்காரன் பொட்டியில அத விடச் சின்னது இருக்குல்ல?"

"இருக்கு. அது நட்டுல எறங்காதே. நட்டு பெருசு."

"அப்ப நட்ட ராவுங்க. சாவிய மாத்தி மாத்தித் தேடுறதுக்கு, நட்டச் சாவிக்குத் தக்கன ராவிப்புடுங்களேன். ராவுறதுல ஒங்கள விட்டா ஆளு இல்லன்னு சொல்லுவீங்களே!"

தயாபரன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு எழுந்துபோய்ப் பலகையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்தான்.

அந்த வேலை மூன்று மணிநேரம் பிடித்தது. சில்லு மாட்டுகிற தட்டுக்குப் பின்னால் கை நுழைகிற இடமே இல்லை. அரத்தின் பாதிதான் ஓடும். பிட்டுக்குள் நின்று, அண்ணாந்து, உருண்டையாகிப்போன நட்டில் எதிரெதிராக இரண்டு பக்கத்தை மட்டும் தட்டையாக ராவினான். நாலு இழுப்பு, ஸ்பேனரை வைத்துப் பார்ப்பான், இன்னும் நாலு இழுப்பு. ஒரு இழுப்புக் கூடினாலும் நட்டு அதற்கும் ஆடிப்போகும். லாம்பைப் பிடித்தவர் ஜாபிர். பெரிய கிளாக்கராகிய நான் என்ன செய்தேன் தெரியுமா? பிட்டுக்குள் வழிகிற மழைத் தண்ணீரைப் பால்மா டின்னால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன். கருப்பம்மா வீட்டிலிருந்து அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொச்சிக்காய்ச் சம்பலும் வந்தன. யசோதினி பிட்டுக்குள் குனிந்து புருஷனுக்கு ஊட்டிவிட்டாள். அவன் கை அரத்தை விடவில்லை.

ஒரு மணிக்கு அந்தப் பழைய இங்கிலாந்து ஸ்பேனர் நட்டில் சிக்கென்று இறங்கியது. துளிகூட ஆடவில்லை. தயாபரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினான். "கிரீச்" என்று ஒரு சத்தம். நட்டுக் கழன்றது.

"யா அல்லாஹ்!" என்றார் ஜாபிர். நான் முருகா என்றேன். தயாபரன் பிட்டின் கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். யசோதினி மேலிருந்து கையை நீட்டி அவன் தலையைத் தடவினாள்.

புதுச் சிலிண்டர் ஏறியது. பிறகு பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை; ஒருவர் மேலே பிரேக்கை மிதிக்க, ஒருவர் கீழே எண்ணெயைத் திறந்து வெளியே விட. வாழ்நாளில் டிரைவர் சீட்டில் உட்காராத யசோதினி ஏறி உட்கார்ந்தாள். எண்ணெயில் காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்க்க, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற குழாய் வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற குழாய் ஒன்றை வாங்கி, சுடுதண்ணீரில் இளக்கி மாட்டினான்.

"அமுக்கு... புடிச்சிக்க... உடு. அமுக்கு... புடிச்சிக்க..."

லதுஷா கம்பளியைச் சுற்றிக்கொண்டு சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வார்டில் படுத்தபடி எத்தனை மணிநேரம் இப்படிக் குழாயைப் பார்த்திருப்பாள்!

"அப்பா, கொமுளி வருது."

"சரிம்மா."

"இன்னம் ஒண்ணு வருது. சின்னது... இப்ப இல்ல. இப்ப இல்லப்பா. நல்லா போகுது."

"நல்லாப் பாத்தியா தாயி?"

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். அந்தச் சின்னக் குரலில் எவ்வளவு பெருமை!

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். பக்கத்துத் தோட்டங்களின் வாசல்களில் சங்கிலி போட்டிருப்பார்கள். திறக்கச் சொல்ல ஒபிஸ் ஆள் ஒருவர் வேண்டும் என்று நானும் ஏறிக்கொண்டேன். ஜாபிர் பைக்கை மாட்டுக்கொட்டிலில் விட்டுவிட்டு எங்களோடு வந்தார். நான் ஸ்பிரிங்வெளி இறக்கத்தில் ஒரு நூறு தடவை முருகனைக் கூப்பிட்டிருப்பேன். தயாபரன் ஒவ்வொரு வளைவிலும் மெல்ல மிதித்தான்; ஒவ்வொரு தடவையும் கார் சொல்வழி கேட்டது. பதுளையில் இறங்கியபோது ஜாபிர், "மூணு நாளா புள்ளைகளக் காணாமத் தவிச்சிப் போனன் தம்பி" என்று தயாபரன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நன்றி சொல்ல வந்தவனுக்கு நன்றி சொல்கிறார் என்று தயாபரன் திகைத்துப் போனான்.

ஆஸ்பத்திரியில் ஒன்பதரைக்கு லதுஷாவின் கையில் ஊசி ஏறியது. சிவப்புத் துளிகள் இறங்கத் தொடங்கின. யசோதினி பக்கத்தில் நின்று அந்த இரத்தப் பையைக் கும்பிட்டாள். யாரோ ஒரு முகம் தெரியாத மனிதரின் இரத்தம். "எந்தப் புண்ணியவானோ, நல்லா இருக்கணும்" என்றாள்.

வார்டில் மூன்று கட்டில்கள் விரித்தபடி காலியாகக் கிடந்தன. இன்றைக்கு ஐந்து பிள்ளைகள் வரவேண்டும், மண்சரிவால் மூன்று பேர் வரவில்லை என்று நர்ஸ் மிஸ்ஸி சிங்களத்தில் சொன்னாள். அந்த மூன்றில் ஒரு பிள்ளைக்கு மூன்று வயது. நாங்கள் இறங்கி வந்த தோட்டப் பாதையின் அடிவாரத்துக் கிராமம். அங்கேயும் ரோடு உடைந்து பஸ் இல்லை.

"அந்தப் புள்ளைக்கு ரத்தம் ஏத்தி எத்தன நாளு ஆச்சின்னு கேளுங்கய்யா" என்றாள் யசோதினி.

கேட்டேன். நாலு கிழமை கடந்துவிட்டது.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "போயிட்டு வந்துருங்க. இங்க நான் இருக்கேன்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன கதை பிள்ளை இது? நேற்றுப் பூட்டின பிரேக். இந்த மழையிலை ஒருக்கா வந்து சேர்ந்ததே போதும்!"

"காரு கராஜ்ல கெடந்த அந்த ஒம்போது நாளும், எதாச்சும் வண்டி வராதான்னு நாங்க ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தோங்கய்யா" என்றாள் யசோதினி. "ஒண்ணும் வரல."

தயாபரன் மிஸ்ஸியிடம் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

எனக்கு வார்டில் இருப்புக் கொள்ளவில்லை. ரவுனுக்குப் போனேன். சாமான் கடையில், ஜப்பான் காருக்கு வேண்டிய ஸ்பேனர் எல்லா நம்பரிலும் ஒவ்வொன்று தரச் சொன்னேன். எந்த மொடல் என்று கடைக்காரர் கேட்டார். நீலமாக இருந்த கார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஒரு முழு செட்டைச் சுற்றித் தந்தார். பாரமாக இருந்தது. அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போது, பத்தொன்பது வருடத்தில் இந்த மலைநாட்டில் நான் வாங்கிச் சாப்பிட்ட ரொட்டிகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒரு நாளாவது அந்தக் கைகளுக்கு நான் நன்றி சொன்னேனா?

இரண்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். முன்னால் ஒரு சிங்களப் பெண். இருபத்திரண்டு வயதுகூட இராது. காலில் செருப்பில்லை, முழங்கால்வரை சேறு. தோளில் துவாயில் சுற்றிய பிள்ளை. தலை தொங்கியபடி இருந்தது. அவளுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு தயாபரன் வந்தான். சேற்றுக் காலோடு உள்ளே வரக் கூச்சப்பட்டு, வார்டு வாசலிலேயே நின்றுகொண்டான்.

யசோதினி ஓடிப்போய் அந்தப் பிள்ளையை வாங்கி, லதுஷாவின் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் கிடத்தினாள். மிஸ்ஸி அவசரமாகப் படிவத்தை நிரப்பினாள். பெயர், வயது, ஊர். பிறகு சிங்களத்தில் கேட்டாள்: "பிள்ளையைக் கொண்டுவந்தது யார்? என்ன உறவு?"

அந்தப் பெண் திரும்பி வாசலைப் பார்த்தாள். அவன் பெயர் அவளுக்குத் தெரியாது. அவன் தமிழும் அவளுக்குத் தெரியாது. மழையில் ஒருவன் வந்து கதவைத் தட்டினான், கையால் காட்டிப் பிள்ளையைத் தூக்கச் சொன்னான், கொண்டுவந்து சேர்த்தான். எண்ணெய்க் கறை படிந்த கையால் பையைப் பிடித்தபடி அவன் அங்கே நின்றான்.

"மாமா" என்றாள் அவள். சிங்களத்திலும் அந்தச் சொல்லுக்கு அதே அர்த்தம்தான்.

மிஸ்ஸி அதை அப்படியே எழுதினாள். தயாபரன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் பெரிய கிளாக்கர். ஒரு படிவம் கையில் வந்தால் அதில் பிழை பிடிக்காமல் விட்டதில்லை. அந்த மேசைக்குக் கிட்டப் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் படிவத்தை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.